இசையெச்சம்

"இடம் போதவில்லை. ஒதுக்க வேண்டிய பகுதிகளைத் தேர்ந்தெடுக்கவும்."

இந்த இரண்டு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்று கையொப்பமிட்டுச் சான்று அளித்தவன் நான். இன்று படித்தாலும் பிழை காண முடியாது. இரண்டாம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் முறையாக மிகுந்திருக்கிறது. எழுவாய் தோன்றாமல் நின்று பொருள் தருகிறது. விடைத்தாளில் வந்திருந்தால் முழு மதிப்பெண் இட்டிருப்பேன். அந்த முழு மதிப்பெண்ணுக்குரிய வாக்கியத்தால் சீனிராஜ் என்பவர் தம் மனைவியை மறந்தார்.

தலைச்சில்லு வந்த புதிதில் அதன் வேலை ஒன்றுதான். விபத்திலோ வாதத்திலோ பேச்சும் நினைவும் சிதைந்தவர்களுக்கு மூளையின் ஓரத்தில் அதைப் பொருத்துவார்கள். அதில் ஓடும் அமைப்பு, எஞ்சிய நினைவுகளைத் திரட்டிக் காத்து, பேச்சைத் திருப்பித் தரும். சில ஆண்டுகள் கழித்து இரண்டாவது அமைப்பு ஒன்று வந்தது. அது செயலிழந்த கால்களை நடக்க வைப்பது. முன்பே சில்லு உள்ளவர்களுக்கு இன்னொரு சில்லு பொருத்தத் தலை தாங்காது. ஆகவே ஒரே சில்லில், பழைய அமைப்பின் அருகிலேயே புதியதை நிறுவ வேண்டும்.

நிறுவும்போது திரையில் தோன்றும் வாக்கியங்களைத் தமிழில் செம்மைப்படுத்தித் தர வேண்டும் என்று நிறுவனம் என்னைக் கேட்டது. மொழிப் பிரிவைக் கவனித்தவர் ஜெசிந்தா. நாள்தோறும் காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். அந்த வாக்கியம் வந்த நாளின் உரையாடல் முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது. மறக்கக் கூடிய இடத்தில் அது இல்லை.

"சார், இன்னிக்கு ஒரு வம்பு பிடிச்ச செய்தி. சில்லுல காலி இடம் எவ்வளவுன்னு பார்த்தா தாராளமாக் காட்டும். ரெண்டாவது அமைப்பை நிறுவப் போனா, இடம் போதலைன்னு நின்னுடும்."

"இருக்கும் இடம் எப்படிப் போதாமல் போகும்?"

"பஸ்ல போயிருக்கீங்கள்ல? ஏழு சீட் காலியா இருக்கும். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு. ஒரு குடும்பம் ஏழு பேரா ஏறி, சேர்ந்துதான் உட்காருவோம்னா என்ன பண்ணுவீங்க? புது அமைப்பு அந்தக் குடும்பம் மாதிரி. ஒட்டினாப்ல ஒரே இடம் வேணும் அதுக்கு."

"இருப்பவர்களை நகர்ந்து அமரச் சொல்லலாமே."

"சொல்லுவோம். பாதிப் பேர் நகர்ந்துடுவாங்க. சில பேர் அசையவே மாட்டாங்க. ஒருத்தர் ஓயாம நினைச்சுக்கிட்டே இருக்கிற விஷயம் இருக்கு பாருங்க, அந்தப் பதிவு எப்பவும் திறந்தே கிடக்கும். திறந்திருக்கிறதை இயந்திரத்தால நகர்த்த முடியாது. யாராவது அனுமதி கொடுத்தா அழிக்கத்தான் முடியும். அதனால வழியில நிக்கிற பதிவையெல்லாம் பட்டியல் போட்டு வீட்டுக்காரங்ககிட்ட காட்டுவோம். எது போனாப் பரவாயில்லையோ அதை அவங்க தொடணும். விளம்பரப் பாட்டு, பழைய சண்டை, இப்படி ஏதாவது. தொட்ட பகுதியைப் புது அமைப்புக்குக் கொடுத்துடுவோம்."

"அப்படியானால் 'அழிக்க வேண்டிய பகுதிகள்' என்று எழுதுவதுதானே நேர்மை?"

"அழிக்கன்னு போட்டா ஜனங்க பயந்துடுவாங்கன்னு மேலிடம் சொல்லுது சார். 'ஒதுக்க'ன்னு போடச் சொல்றாங்க."

எனக்குச் சினம் வந்தது. ஆனால் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. மேலிடத்தின் கோழைத்தனத்தை விட்டுவிட்டு, அடுத்து அவர் சொன்ன செய்தியின் மேல் சினம் கொண்டேன். நிறுவுநர்கள் கையில் வைத்திருக்கும் சிறு கருவியின் திரை, வேறொரு மொழிக்காக வடிவமைக்கப்பட்டதாம். எழுத்தும் நிறுத்தக்குறியும் சேர்த்து முப்பத்தைந்துதான் அதில் கொள்ளுமாம். இடைவெளி மட்டும் கணக்கில் சேராதாம். மனிதத் தலைக்குள் இரண்டாவது குடித்தனம் வைக்கத் துணிந்தவர்கள், இடம் போதவில்லை என்று சொல்லும் வாக்கியத்துக்கே போதிய இடம் தரவில்லை.

ஜெசிந்தா முன்பே ஒன்று எழுதி வைத்திருந்தார். படித்துக் காட்டினார்.

"'இடமில்லை. புதுசுக்கு ஒதுக்க வேண்டிய பகுதிகளைத் தேர்ந்தெடுக்கவும்.' கரெக்டா முப்பத்தஞ்சு சார். எண்ணிட்டேன்."

"'புதுசு' என்பது கொச்சை."

"நாட்டுல எல்லாரும் புதுசுன்னுதான் சார் சொல்றாங்க."

"நாட்டில் எல்லாரும் சுவரோரம் ஒன்றுக்குப் போகிறார்கள்."

"அதையும் திரையில காட்டச் சொல்லல சார் நான்." சிரித்தார். "சரி, 'புதியதற்கு'ன்னு போட்டா?" எண்ணிப் பார்த்தார். "முப்பத்தாறு. ஒண்ணு கூடுது. 'பகுதிகளைத்'ல இருக்கிற அந்தத் 'த்'தை எடுத்துடலாமா?"

"எடுக்கலாகாது."

"யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நான் கவனிப்பேன்."

"அப்ப எதைத்தான் எடுக்கிறது?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன விடையைத்தான் அதன்பின் எத்தனையோ முறை எனக்குள்ளேயே திருத்தி எழுதியிருக்கிறேன். அன்று தயங்காமல் சொன்னேன்: "'புதியதற்கு' என்பதை எடுத்துவிடுங்கள். அது இல்லாமலே பொருள் விளங்கும். இலக்கணத்தில் இதற்கு இசையெச்சம் என்று பெயர். வாக்கியத்தில் இல்லாத சொல்லைப் படிப்பவர் தாமே வருவித்துக்கொள்வார்."

"வருவிச்சுக்குவாங்களா?"

"தமிழ் தெரிந்தவர்கள் வருவித்துக்கொள்வார்கள்."

மிச்சமான இடத்தில் 'இடமில்லை' என்ற முரட்டுச் சொல்லை நீக்கி 'இடம் போதவில்லை' என்று பண்பாக எழுதச் சொன்னேன். முப்பத்து மூன்று. இரண்டு இடம் மிச்சம். அன்று மதியம் மன நிறைவோடு உண்டேன்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் எடுத்து எழுதி, 'இவற்றில் பிழை உளதா?' என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று நான் வினவவில்லை. என் வாக்கியத்தில் பிழையா என்ற கொதிப்பில், சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டி இரண்டு பக்கம் எழுதி, 'பிழை இல்லை' என்று முடித்து, அன்றே அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்கு, பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் ஓர் அம்மையார் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் நெகிழி உறை; அதற்குள் மடித்த தாள்.

"புலவர் ஆவுடையப்பன்னு இதுல போட்டிருக்கு. நீங்கதானா சார்?"

"நான்தான். உட்காருங்கள். தாங்கள்?"

"செண்பகவல்லி. கோவில்பட்டியிலேர்ந்து வாரேன்." உட்கார்ந்தார். தாளை எடுத்து என் முன் வைத்தார். "பிழை இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீக. அப்பப் பிழை என் மேலதான்னு ஆயிருச்சு. அதான் யாருன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அது விசாரணைக் குழுவின் ஆணை. அவர் மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். காரணம்: மொழி வல்லுநரின் சான்று.

அவர் கணவர் சீனிராஜ், தனியார் பேருந்தில் நடத்துநர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓடும் வண்டியின் படியிலிருந்து விழுந்தார். சில்லு பொருத்திப் பேச்சு திரும்பியது, கால்கள் திரும்பவில்லை. ஐந்து ஆண்டும் கட்டிலோடு கிடந்தவருக்கு இரண்டாவது அமைப்பு கிடைக்கும் என்றதும், செண்பகவல்லிதான் அலைந்து திரிந்து பெயர் பதிந்தார்.

"பாதியில நின்னு போச்சு சார். மிசினைக் கையில குடுத்துட்டு நிறுவ வந்த தம்பி வெளியே போயிட்டாரு. ஒருத்தர் நினைப்புல இருக்கிறதை வெளியாள் பாக்கக் கூடாதாம்ல. பதினஞ்சு நிமிசத்துக்குள்ள தொடணும்னு சொன்னாரு. அவுக மயக்கத்துல கிடக்காக. யார்ட்ட கேக்க?"

"திரையில் என்ன இருந்தது?"

"நீங்க எழுதுனதுதான் இருந்துச்சு. கீழ பட்டியல். கல்யாண வீடு. குற்றாலத்துக்குப் போனது. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவுக ராப்பகலா உக்காந்திருந்தது. என் மொகம். என் கொரலு. இப்படி மேல வரிசையா. கீழ பஸ் ஸ்டாப்பு பேரு, டிக்கெட்டு, டிரைவர் கூடச் சண்டை, அந்த மாதிரி."

"நீங்கள் எதைத் தொட்டீர்கள்?"

"மேல இருந்த ஏழையும்."

அவரே தொடர்ந்தார். குரலில் அழுகை இல்லை. ஒரு கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பவரின் நிதானம் இருந்தது.

"இடம் பத்தலைன்னு சொல்லுது. அப்ப எல்லாம் நிக்காது, கொஞ்சம் போயிரும்னு எனக்குத் தெரியாதா? போகக் கூடாததைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லுதுன்னு நினைச்சேன். அவுக டியூட்டி முடிஞ்சு வர நேரமாகும். மீன் கொழம்பு வச்சா, நடுத்துண்டு ரெண்டை அவுகளுக்குன்னு ஒதுக்கி வைப்பேன். வேற யாரும் அதுல கை வைக்க மாட்டாக. ஒதுக்குனா அதுதான சார்? நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவுக."

இசையெச்சம். விடுபட்ட சொல்லைத் தமிழ் தெரிந்தவர் வருவித்துக்கொள்வார் என்று சொன்னேன் அல்லவா? அவரும் வருவித்துக்கொண்டார். நான் நீக்கிய நான்காம் வேற்றுமையின் இடத்தில் 'அவுகளுக்கு' என்ற சொல்லை வைத்து நிரப்பிப் படித்தார். வாக்கியம் அதற்கும் இடம் கொடுத்தது. ஓர் எழுத்தும் மறுக்கவில்லை.

"இப்போது அவர்?"

"நடக்காக. நல்லா நடக்காக. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில ஸ்டாப்பு ஒண்ணு விடாமச் சொல்லுதாக. நான் யாருன்னா, 'வீட்டம்மான்னு சொன்னாங்க'ங்காக. அவுக அண்ணன் வீட்டுல போயி இருக்காக. தெரியாத பொம்பளை வீட்டுல எப்படித் தங்கன்னு கூச்சப்படுதாக. மூணு வேளையும் சோறு மட்டும் கொண்டுபோயிக் குடுக்கேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது சார். கேட்டுச் சொல்லவும் வேற ஆளு இல்ல."

அவர் தலையைக் குனிந்து ஆணையை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் எனக்குத் தோன்றியது.

புதிதுக்கு.

பு, தி, து, க், கு. ஐந்தே எழுத்து. ஜெசிந்தாவின் 'புதுசுக்கு' நின்ற இடத்தில் அப்படியே பொருந்தும். கொச்சை இல்லை, பிழை இல்லை, ஓர் ஒற்றையும் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தைந்து. 'இடமில்லை. புதிதுக்கு ஒதுக்க வேண்டிய பகுதிகளைத் தேர்ந்தெடுக்கவும்.' இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கிடைத்திருக்கும். நான் சொல்லைத் தேடவில்லை. என் பக்கம் சரி என்பதை நிறுவவே விரைந்தேன்.

"நிறுவுவதற்கு முன் எடுத்த நகல் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்காம். தொண்ணூறு நாள் வச்சிருப்பாகளாம். இன்னைக்கோட எழுபத்தொன்பது. வீட்டுக்காரங்க தெரிஞ்சு தொட்டா அதுதான் முடிவு, மாத்த முடியாதாம். கம்பெனிக்காரக சொன்ன வார்த்தையில தப்பு இருந்துச்சுன்னா மட்டும் விசயம் எங்க வீட்டுக்காரர்ட்ட போகுமாம். பழசைத் திருப்பி வைக்கவா வேண்டாமான்னு அவுகளே சொல்லணும்." எழுந்தார். "உங்களை ஏசணும்னுதான் பஸ்ஸு ஏறுனேன். பாத்தா வயசானவுகளா இருக்கீக. வாரேன் சார்."

"இருங்கள் அம்மா," என்றேன். "நான் மாற்றி எழுதித் தருகிறேன்."

அன்று மாலை ஜெசிந்தா அழைத்தார்.

"சார், சான்றைத் திரும்பப் பெறுறதா எழுதியிருக்கீங்களே. பிழை இல்லைன்னு நீங்களே ரெண்டு பக்கம் எழுதினீங்க. இப்பப் பிழைன்னா உங்க பேர்தான் கெடும்."

"கெடட்டும்."

"நிறுவனம் உங்க மேலயே பழியைத் தள்ளிடும்."

"தள்ள வேண்டியதில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் 'புதுசுக்கு' என்று எழுதியிருந்தீர்கள், ஜெசிந்தா. அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்."

"அதை நான் மறந்தே போயிட்டேன் சார்," என்றார்.

எண்பத்தெட்டாம் நாள் திருநெல்வேலியில் மறு விசாரணை நடந்தது. குழுவின் தலைவர் ஓர் இளம் பெண் அதிகாரி. நான் எழுந்து, வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை என்பதையும், இலக்கணப் பிழை இல்லாத வாக்கியமும் பொய் சொல்லும் என்பதையும் சொன்னேன். 'ஒதுக்கு' என்ற வினை எதற்கு என்ற கேள்வியை எழுப்பாமல் நிற்காது; அந்தக் கேள்விக்கு விடையாகிய சொல்லை நீக்கியவன் நான்; நீக்கிய பின், பாதுகாத்து வை என்பதும் பறிகொடு என்பதும் ஒரே வாக்கியம் ஆகிவிட்டன. அதிகாரி குறித்துக்கொண்டார். நிறுவனத்தின் வழக்கறிஞர் என் பழைய இரண்டு பக்கங்களை எனக்கே படித்துக் காட்டினார். கேட்க நாணமாக இருந்தது. நடை மட்டும் நன்றாக இருந்தது.

அரை மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். பிழை நிறுவனத்தினுடையது. இனி உரியவர் தீர்மானிக்கலாம்.

செண்பகவல்லி கண்களைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் செய்த தவற்றை நானே சரிசெய்துவிட்டேன் என்று நானும் அந்த ஒரு நிமிடம் நம்பினேன்.

சீனிராஜை அழைத்தார்கள். நெடிய உருவம். யாரையும் எதையும் பிடிக்காமல் நடந்து வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நிக்கேன் மேடம். உக்காந்தே கிடந்தாச்சு," என்றார்.

அதிகாரி விளக்கினார். பழைய நினைவுகள் நகலில் இருக்கின்றன. திருப்பி வைக்கலாம்.

"திருப்பி வச்சா இந்தக் கால் நிக்குமா?"

"நிக்காது. ரெண்டுக்கும் சில்லுல இடம் இல்லை; கால் அமைப்பை எடுத்துட்டு, வேற பதிவை அழிச்சு மறுபடி நிறுவத் தலை தாங்காது. ஏதாவது ஒண்ணுதான்."

சீனிராஜ் செண்பகவல்லி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அயலாரைக் காண்பவரின் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"அந்தம்மா நல்லவுகதான். சோறு கொண்டாந்து தாராக. கொறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு எதையோ விட்டுட்டோம்னு மனசுல தோணவே இல்ல மேடம். கால் வேணும்னுதான் தோணுது."

"நினைவு வந்துட்டா நீங்க வேற மாதிரி நினைப்பீங்க. அவங்கதான் வேணும்னு சொல்லலாம்."

"அப்படிச் சொல்லுதவன் வேற ஆளு. நீங்க இப்பக் கேக்கது என்கிட்ட. அவன்கிட்ட கேக்கணும்னா, முதல்ல அவனை உள்ள வச்சிட்டுத்தான் கேக்கணும். அப்ப நான் இருக்க மாட்டேன்ல." தயங்கினார். "எனக்குப் பயமா இருக்கு மேடம். வேண்டாம்."

நான் அன்றுவரை எண்ணிப் பார்க்காத இடம் அது. அழிந்தது எது என்பதை அறியாதவரிடம்தான், அழிந்தது வேண்டுமா என்று சட்டம் கேட்கிறது. வேறு யாரிடம் கேட்பது?

அதிகாரி செண்பகவல்லியைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவர் எழுந்தார். வாய் திறந்தார். பிறகு கணவரின் கால்களைப் பார்த்தார். ஐந்து ஆண்டு எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட கால்கள்.

"அவுக சொல்லுத மாதிரியே எழுதிக்கிடுங்க," என்றார்.

கையெழுத்துகள் முடிந்து வெளியே வந்தோம். நடைகூடத்தின் நீள்பலகையில் செண்பகவல்லி அமர்ந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அருகில் செல்லும் தகுதி இல்லை என்று தோன்றியது. சீனிராஜ் தம் அண்ணன் வண்டி எடுத்து வருவதற்காகக் காத்திருந்தவர், என்னிடம் வந்தார்.

"சார், நீங்க தமிழ் வாத்தியார்ங்காக. ஒரு சந்தேகம். அந்தம்மா இனியும் சோறு கொண்டு வருவாக. 'ஏங்க'ன்னு கூப்பிட்டா ஒரு மாதிரியா இருக்கு. அக்கான்னும் சொல்லக் கூடாது. முன்ன நான் என்னன்னுதான் கூப்பிட்டிருப்பேன்?"

முப்பத்து நான்கு ஆண்டு விளிவேற்றுமை நடத்தியவன் நான். நீள்பலகையின் பக்கம் திரும்பினேன். செண்பகவல்லிக்கு அது கேட்டிருந்தது.

"நீங்க என்னைக் கூப்பிட்டதே இல்ல," என்றார் அங்கிருந்தபடி.

"ஒரு தடவை கூடவா?"

"இருபத்தாறு வருசத்துல ஒரு தடவை கூட இல்ல. பேரும் சொன்னது கிடையாது, 'ஏ', 'இந்தா'ன்னும் சொன்னது கிடையாது. விழுகதுக்கு முந்தி, ஏதாவது வேணும்னா பேசாம வந்து முன்னால நிப்பீக. நான் என்ன வேணும்னு கேப்பேன். அம்புட்டுத்தான்."

சீனிராஜ் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு, நடந்து போய், நீள்பலகைக்கு எதிரே அவர் முன்னால் நின்றார்.

செண்பகவல்லி நிமிர்ந்தார்.

"என்ன வேணும்?"

அவர் வெகு நேரம் அங்கேயே நின்றார். வாசலில் அண்ணனின் வண்டி வந்து ஒலி எழுப்பியது. திரும்பவில்லை.

"தெரியல," என்றார்.